அரைக்கால் சுற்றி இன்னொரு தட்டு

எங்கள் தொழிற்சாலையில் அவரை அரைக்கால் அக்கா என்றால்தான் தெரியும். புதிதாகச் சேர்கிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் முதலில் அவருடைய கால்களைப் பார்ப்பார்கள். இரண்டும் முழுசாகத்தான் இருக்கும். நாளெல்லாம் நின்று வேலை செய்ததில் மாலையானால் கொஞ்சம் வீங்கியும் இருக்கும். பெயர் வந்த கதை வேறு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் நாங்கள் என்ன தொழில் செய்கிறோம் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் சாணைக்கல் செய்கிறோம். இரும்பைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் வட்டக் கல். உள்ளங்கை அகலத்திலிருந்து லாரிச் சக்கரம் அளவு வரை உண்டு. கரகரப்பான பொடியைக் களிமண்ணோடு பிசைந்து, அச்சில் போட்டு அழுத்தி, காயவைத்து, சூளையில் மூன்று நாள் வேகவைத்து எடுப்போம். கேட்டால் செங்கல் சூளை மாதிரி இருக்கும். செங்கல் சுவரில் சும்மா உட்கார்ந்திருக்கும். எங்கள் கல் நிமிஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் தடவை சுற்றும், அதற்கு எதிரே ஒரு மனிதன் நிற்பான். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் அங்கே எடை போடுகிறவன். வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியையும் தராசில் ஏற்றி, கிலோவைச் சீட்டில் எழுதி, லாரிக்காரரிடம் கொடுப்பேன். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. பெரிய மூளை தேவைப்படாத வேலை என்று என் மைத்துனன் சொல்வான். சொல்வதில் தப்பில்லை, சொல்கிற விதம்தான் எனக்குப் பிடிக்காது.

சாணைக்கல்லுக்குள் நிறையத் துளைகள் இருக்கும். உடைத்துப் பார்த்தால் ரொட்டியின் உள்பக்கம் போலத் தெரியும். தெரியாதவர்கள் அதைக் குறை என்று நினைப்பார்கள். துளைதான் கல்லுக்கு உயிர். தேய்க்கும்போது உதிரும் இரும்புத் தூளும் ஊற்றுகிற தண்ணீரும் அதில்தான் ஒதுங்கும். துளை கூடினால் கல் மென்மை, குறைந்தால் கெட்டி. கெட்டிக் கல் வேலையைச் சூடாக்கிக் கருக்கிவிடும். எந்த இரும்புக்கு எவ்வளவு மென்மை வேண்டும் என்பதை வாங்குகிறவர்கள் ஓர் எழுத்தாகச் சொல்வார்கள். அந்த எழுத்துக்குத் தக்கபடி துளை விட்டு நாங்கள் செய்து கொடுப்போம். துளையிடம் ஒரு நேர்மை உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது துளைதான். கல்லின் விறைப்பில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அதற்கேற்ப எடையிலும் குறைத்துவிடும். கணக்கு நேராகிவிடும்.

விரிசல் அப்படியில்லை. அது மயிரிழை அகலம்கூட இருக்காது. அதற்கு எடையும் கிடையாது, இடமும் கிடையாது. ஆனால் ஒரு கூடைத் துளைகள் எடுக்கிற விறைப்பை அது ஒண்டியாக எடுத்துவிடும். அதோடு திசையும் பார்க்கும். ஓர் இடத்தில் தட்டினால் கல் நோய் நொடி இல்லாததுபோல் கணீரென்று பேசும். கொஞ்சம் திருப்பித் தட்டினால்தான் குட்டு உடையும்.

அந்தத் தட்டுகிற வேலைதான் அக்காவுடையது. கடைசிக் கொட்டகையில், சூளைக்கும் என் தராசுக்கும் நடுவே, சுவரிலிருந்து ரப்பர் சுற்றிய ஓர் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கல்லை அதன் நடு ஓட்டையில் மாட்டித் தொங்கவிடுவார். கொட்டாப்புளியை, அதாவது மரச் சுத்தியை எடுத்துப் பக்கவாட்டில் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு கல்லை அரைக்கால் வட்டம் திருப்புவார். காலில் பாதி அரைக்கால், எட்டில் ஒரு பங்கு. இன்னொரு தட்டு. இரண்டு தட்டுக்கும் ஒரே குரல் வந்தால்தான் தன் முத்திரையைக் குத்துவார். சின்ன வட்டம், அதற்குள் ஏழு. ஏழு அவருடைய எண்.

யாராவது அவசரப்படுத்தினால், "இருங்க, இன்னும் அரைக்கால் இருக்கு" என்பார். பெயர் அப்படித்தான் வந்தது.

முதலில் அவர் அச்சுக் கொட்டகையில் பச்சைக் கல் சுமக்க வந்தவர். அப்போது வயது இருபத்துமூன்று. நாலு வருஷம் சுமந்ததில் வலது தோள் இறங்கிப்போனது. இலேசான வேலை என்று சொல்லித் தட்டப் போட்டார்கள். தினம் முந்நூறு கல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு. இலேசு என்று சொன்னவர் ஒருநாள்கூடத் தட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அக்காவுக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. உலகத்தில் ஒருவர் தன் வேலையை விரும்பிச் செய்தால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

வேலைப் பழக்கம் வீடு வரைக்கும் போயிற்று. அவர் வீட்டுக்கு நான் இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன். இரண்டு அறை, மாடியில். கதவு, வாளி, புதுத் தட்டு எதை வாங்கினாலும் விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். கேள்வி கேட்பதிலும் அதே வழக்கம்தான். ஒருநாள் நான் உட்கார்ந்திருக்கும்போதே மகள் நேரம் கழித்து வந்தாள்.

"எங்கடி போயிருந்த?"

"தோழி வீட்டுக்கும்மா. பரீட்சை வருதில்ல, படிக்கப் போனேன்."

பதில் கணீரென்று இருந்தது. அக்கா தலையாட்டிவிட்டுத் துணி மடிக்கப் போனார். நாலு துணி மடித்த பிறகு, வேறு ஏதோ நினைவில் கேட்பது போல, "அவங்க வீட்டு நாய்க்குக் கால்ல கட்டு போட்டிருந்தாங்களே, பிரிச்சிட்டாங்களா?" என்றார்.

"எந்த நாய்?" என்றாள் மகள்.

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். அவர் செய்தித்தாளை இறக்காமலே, "உங்கம்மா அரைக்கால் சுத்திட்டா, இனிமே ஒத்துக்கிறதுதான் நல்லது" என்றார். மகள் சிரித்துவிட்டாள். சினிமாவுக்குத்தான் போயிருக்கிறாள்.

போன வருஷம் எங்களுக்கு மெஷின் வந்தது. மெஷின் வந்தது, அக்காவின் வேலை போயிற்று என்று கதை போகும் என நினைப்பீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நல்ல மெஷின். பஞ்சு மெத்தை போட்ட மேசை, ஒரு குட்டிச் சுத்தி, கேட்பதற்கு ஒரு மைக். கல்லைப் படுக்கவைத்துப் பித்தானை அழுத்தினால் சுத்தி ஒரு தட்டுத் தட்டும். கல் எவ்வளவு விறைப்பு என்பது எண்ணாக வரும். எண் கூடினால் கெட்டி, குறைந்தால் மென்மை. எந்த எழுத்துக் கல் என்பதை அதுவரைக்கும் ஆளாளுக்கு உளியால் கீறிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, சண்டை போட்டுத்தான் முடிவு செய்வோம். மெஷின் அந்தச் சண்டையை ஒழித்தது. அக்காவுக்கே அதன்மேல் பிரியம். காலையில் வந்ததும் முதலில் அதன் மேலிருக்கும் தூசியைத் துடைப்பார்.

ஒரே ஒரு மனத்தாங்கல். மெஷினுக்கு ஒரு தட்டுத்தான். மேலாளர் அதற்கு விளக்கம் சொன்னார். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்மா."

"சோறு எந்தப் பக்கம் பாத்தாலும் சோறுதான் சார். கல்லு அப்படியில்ல" என்றார் அக்கா.

மேலாளர் கெட்டவர் இல்லை. "அப்போ கம்பியிலயும் மாட்டிப் பாத்துக்கோங்க, யாரு வேணாம்னா?" என்றார். அக்கா அப்படியே செய்தார். மெஷினில் ஒரு தட்டு, கம்பியில் இரண்டு தட்டு. வேலை கூடியது, கற்கள் தேங்கின. மெஷினிடமே மாமியார்போல் குறை கண்டுபிடிக்கிறார் என்று கொட்டகையில் கிண்டல் செய்தார்கள். நானும் செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய கல் ஆறு கேட்டு ஒரு பட்டறையிலிருந்து கடிதம் வந்தது. எட்டு மணி நேர லாரிப் பயணத்தில் இருக்கும் பட்டறை. பெரிய கப்பல் இன்ஜின் தண்டுகளைச் சாணை பிடிக்கிறவர்கள். மென்மையான கல் வேண்டும், ஆறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லியிருந்தார்கள். சூளையிலிருந்து ஆறும் வந்தன. மெஷினில் வைத்தால் ஆறுக்கும் கேட்ட எண்ணே வந்தது, ஒன்றிரண்டு புள்ளிதான் முன்னே பின்னே. அப்படி ஆறு கல் அச்சு அசலாக அமைந்து நான் பார்த்ததில்லை. மேலாளர் வந்து பார்த்துவிட்டு, அக்காவின் தோளைத் தட்டாத குறையாகச் சிரித்துவிட்டுப் போனார். முத்திரை குத்தியாயிற்று. பெட்டிக்காரர் தனித்தனியாக ஆறு மரப்பெட்டி செய்தார். நான் எடை போட்டேன். லாரி போயிற்று.

மூன்றாம் நாள் காலை, பதினோரு மணி இருக்கும். பழைய சீட்டுகளைக் கோப்பில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு பெட்டி கண்ணில் பட்டது. ஐந்து பெட்டி தலா ஐம்பத்திரண்டு கிலோ. ஆறாவது ஐம்பத்துநாலு. எடை போடும்போதே பார்த்ததுதான். ஈரப் பலகையை வைத்து அடித்துவிட்டார் பெட்டிக்காரர் என்று நானாக நினைத்துக்கொண்டேன். தேநீர் நேரத்தில் அவரைச் சீண்டலாமே என்று, "என்னண்ணே, ஆறாம் பெட்டிக்கு மட்டும் குளத்துலேருந்து பலகை எடுத்தீங்களா? ரெண்டு கிலோ கூட இருக்கே" என்றேன்.

"எல்லாம் ஒரே பலகைதான்யா. உன் தராசைப் பாரு" என்றார் அவர்.

பக்கத்தில் அக்கா கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "எந்தப் பெட்டி தம்பி?" என்றார்.

"ஆறாவது."

"ரெண்டு கிலோவா?"

"ரெண்டு கிலோ."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. என் மைத்துனன் சொல்வது முழுப் பொய் இல்லை. பலகை ஒன்றேயானால் கூடுதல் எடை கல்லுடையது. எடை கூடியிருந்தால் துளை குறைவு, அச்சில் அதிகமாக அழுத்திவிட்டார்கள். துளை குறைந்தால் கல் கெட்டி, மெஷினில் எண் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. மற்ற ஐந்தைப் போலவே அழகாக வந்தது. அப்படியானால் ஏற வேண்டிய எண்ணை வேறு ஏதோ ஒன்று கீழே இழுத்திருக்கிறது. எடையே இல்லாத ஒன்று. எங்கள் தொழிலில் அப்படிப்பட்டது ஒன்றுதான் இருக்கிறது.

அக்கா மேலாளர் அறைக்கு நடந்தார். வெளியூருக்குப் பேசும் போன் அங்கேதான். நானும் பின்னால் போனேன். விஷயத்தைச் சொன்னதும் மேலாளர் நெற்றியைத் தேய்த்தார்.

"டெஸ்ட் பண்ணினீங்கல்ல?"

"பண்ணினேன் சார்."

"எண் சரியா இருந்துச்சுல்ல?"

"சரியா இருந்துச்சு."

"அப்புறம் என்னம்மா? ரெண்டு கிலோவுக்காகப் போன் பண்ணி நம்ம பேரை நாமளே கெடுத்துக்கணுமா? ஆறையும் திருப்பி அனுப்பிடுவாங்க."

பதில்கள் எல்லாம் கணீரென்று இருந்தன. நான் பொதுவாக அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவன் இல்லை. அன்றைக்கு என்னவோ வாய் வந்துவிட்டது.

"அக்கா, அந்த ஆறையும் கம்பியில மாட்டினீங்களா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் பதிலுக்குத் தடுமாறி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "அஞ்சை மாட்டினேன்" என்றார். "ஆறாவதை மாட்டல. கப்பி வெச்சுத் தூக்கணும். அஞ்சும் நல்லா இருந்துச்சு. எண்ணு அப்படியே அச்சுல வார்த்த மாதிரி வந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல விட்டுட்டேன்."

யானைக்கும் அடி சறுக்கும் என்று பிறகு எல்லோரும் அவரிடம் சொன்னார்கள். அந்தப் பழமொழி சறுக்கின யானையைப் பற்றித்தான் பேசும். கீழே அகப்பட்டவனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அந்தக் கல்லுக்கு எதிரே யாரோ ஒருவர் நிற்கப்போகிறார். இந்நேரம் நின்றுகொண்டும் இருக்கலாம். வேகமாகச் சுற்றும் ஐம்பது கிலோ கல் பிளந்தால் எங்கே போகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சீட்டில் அந்தப் பட்டறையின் போன் எண் இருந்தது. மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுக்கும் முன் நான் சுழற்றி ரிசீவரை அக்கா கையில் கொடுத்துவிட்டேன். மேலாளர் தடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

எதிர்முனையில் எடுத்தவர் பட்டறையின் சாமான் அறைக்காரர். பழைய போன் என்பதால் அவர் பேசுவது எங்களுக்கும் கேட்டது. பின்னால் ஏதோ பெரிய மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"கல்லா? வந்துருச்சு. ஒண்ணை மாட்டி ஓட்டிட்டே இருக்கோம்."

"எந்தப் பெட்டிங்க?"

"கடைசியா ஏத்தினதுதானே முதல்ல இறங்கும்? ஆறாம் பெட்டி."

அக்காவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. ஆனால் குரல் மாறவில்லை. "மெஷினை நிறுத்தச் சொல்லுங்க."

"நீங்க யாரு?"

"கல்லைத் தட்டிப் பாக்கிறவ."

"என்னம்மா இது? நீங்க அனுப்பின சீட்டுலயே எண்ணு சரியா இருக்கு. அவசர வேலை ஓடுது. சும்மா போய் நிறுத்துன்னா அந்த ஆளு என்னைக் கடிச்சுத் தின்னுடுவாரு."

"சரி, நிறுத்த வேணாம். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வாங்க. வேலையில கருகல் விழுதான்னு மட்டும் கேளுங்க. பக்கவாட்டுல நின்னு கேளுங்க. கல்லுக்கு எதிர்ல போகாதீங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். கல் சீட்டில் சொன்னபடி மென்மையாக இருந்தால் கருகாது. கருகினால் கல் கெட்டி, எங்கள் மெஷின் சொன்னது விரிசலால் இறங்கிய எண். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. ரிசீவரில் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிஷம்தான், கல்யாணத்துக்குக் காத்திருப்பதைவிட நீளம்.

திடீரென்று அந்தச் சத்தம் நின்றது.

மெஷினை நிறுத்தினாலும் சத்தம் நிற்கும். கல் வெடித்தாலும் நிற்கும். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார் என நினைக்கிறேன். மேலாளர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு குரல் போனைப் பிளந்துகொண்டு வந்தது.

"யாரும்மா அது? கல்லா அனுப்பியிருக்கீங்க? மென்கல் கேட்டா பாறாங்கல்லை அனுப்பிட்டுக் கருகுதான்னு கேள்வி வேற! நேத்துலேருந்து ஒரே கருகல், தண்டு பூரா புள்ளி புள்ளியா நீலம்..."

"நீங்க ஓட்டுறவருங்களா?"

"பின்னே யாரு?"

"மெஷினை நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தாம உங்கிட்ட எப்படிப் பேசுறது? ரெண்டு கையும் அங்க வெச்சுட்டா?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரிசீவரின் சுருள் கம்பி மேசையிலிருந்து இழுபட்டு நின்றது. "திருப்பி ஓட்டாதீங்க அண்ணே" என்றார். "கழட்டிடுங்க. உள்ள விரிசல் இருக்கு."

"விரிசலா? நான் தட்டிப் பாத்துத்தான் மாட்டினேன். கணீர்னு இருந்துச்சு."

"எத்தனை இடத்துல தட்டினீங்க?"

"ஒரு இடத்துலதான்" என்றது குரல். பிறகு மறுபடி கோபம் வந்துவிட்டது. கல்லை நானே கொண்டுவருகிறேன், உங்கள் முகத்துக்கு நேராகத் தட்டிக் காட்டுகிறேன், விரிசல் இல்லையென்றால் நடப்பதே வேறு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சொன்னபடி அடுத்த நாள் மத்தியானம் லாரியில் வந்து இறங்கினார். நல்ல உயரம், தலை முழுக்க நரை, கை இரண்டும் உலக்கை. சாணை பிடிக்கிறதில் முப்பது வருஷம் என்றார். கொட்டகை முழுவதும் கூடிவிட்டது, மேலாளரும் வந்தார். கப்பி வைத்துக் கல்லைத் தூக்கிக் கம்பியில் தொங்கவிட்டோம். அக்கா கொட்டாப்புளியை எடுத்துத் தட்டினார்.

கணீரென்று வந்தது. அவ்வளவு சுத்தமான ஓசை. நாங்கள்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று நினைத்தேன்.

சாணைக்காரருக்கு அது போதும். ஆரம்பித்துவிட்டார். இதுவா விரிசல், உங்கள் காதிலா விரிசல், ஒரு நாள் வேலை போச்சு, கப்பல்காரன் கத்துறான், எட்டு மணி நேரம் லாரியில் முதுகு ஒடிந்தது, பொம்பளை பேச்சைக் கேட்டு நிறுத்தினேனே என் புத்தியைச் சொல்ல வேண்டும் என்று ஒரு மூச்சு. மெஷின் வாங்கினவர்களைத் திட்டினார், களிமண்ணைத் திட்டினார், வழியில் இருந்த பள்ளங்களைத் திட்டினார். அக்கா கொட்டாப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றார். ஒரு வார்த்தை குறுக்கே சொல்லவில்லை. அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. திருப்பித் தட்டித் தொலைக்க வேண்டியதுதானே என்று மனசுக்குள் கத்தினேன். அவர் முழுசாகக் கேட்டார். சாணைக்காரருக்கு மூச்சு வாங்கி, திட்ட வேறு ஆள் இல்லாமல் நின்றபோதுதான், "இருங்கண்ணே, இன்னும் அரைக்கால் இருக்கு" என்றார்.

கல்லைத் திருப்பினார். தட்டினார்.

சத்தமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நனைந்த சாக்கில் தட்டினது மாதிரி ஒரு 'டொப்'. அவ்வளவுதான். இன்னும் அரைக்கால் திருப்பித் தட்டினார், கணீர். இன்னும் அரைக்கால், டொப்.

சாணைக்காரர் பக்கத்திலிருந்த காலிப் பெட்டியில் உட்கார்ந்தார். தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை நாள் அதற்கு எதிரே நின்றவர் அவர்.

ஒதுக்கின கல்லை உடைத்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அக்காவே சம்மட்டி எடுத்தார். ஒரே அடியில் கல் கோடு போட்டது போலப் பிளந்தது. பிளந்த முகத்தில் முக்கால்வாசி பழுப்பேறியிருந்தது. சூளையிலேயே விட்ட விரிசல், நெருப்பு பட்ட நிறம். மிச்சக் கால்வாசிதான் அந்தக் கல்லைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. சாணைக்காரர் எழுந்து வந்து ஒரு சில்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

அவருக்கு மாற்றுக் கல் கொடுத்தனுப்பினோம். கம்பியில் மாட்டி அக்கா ஒரு தட்டுத் தட்டியதும், கல்லை அரைக்கால் திருப்பிவிட்டது சாணைக்காரர்தான்.

அவர் போன பிறகு பட்டறைக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. மெஷின் கோளாறு என்று போட்டுவிடலாம் என்றார் மேலாளர். அக்காவைக் காப்பாற்றத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. நானும் அப்படியே எழுதிக்கொண்டு போனேன். அக்கா வாசித்துப் பார்த்துவிட்டு அந்த வரியை அடிக்கச் சொன்னார்.

"மெஷின் கேட்டதுக்குச் சரியாத்தான் பதில் சொல்லிச்சு தம்பி. இன்னொரு தடவை கேக்காதது நான். ஏழாம் எண் முத்திரைக்காரி ஆறாம் கல்லைக் கம்பியில மாட்டலன்னு எழுது."

"உங்களுக்கு ஏதாவது ஆகும் அக்கா."

"ஆகட்டும்."

ஆயிற்று. ஒரு வாரம் முத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்க அவர் கொட்டகை பெருக்கினார். அதன் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். மெஷின் மேசையின் பஞ்சு மெத்தையில் இப்போது சிவப்புச் சாயத்தில் இரண்டு கோடு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே அரைக்கால் வட்டம். இரண்டு கோட்டிலும் வைத்து இரண்டு எண் எடுக்க வேண்டும். என் தராசில் எடை பார்த்துக் கல்லின் மேல் எழுதிய பிறகுதான் மெஷினுக்குப் போக வேண்டும். மைத்துனனிடம் இதைச் சொன்னேன். அவன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

ஆனால் அன்று எனக்கு ஒன்றுதான் ஆறவில்லை. கடிதத்தை ஒட்டிவிட்டு வந்து கேட்டேன். "அந்த ஆளு அவ்வளவு நேரம் வாய்க்கு வந்ததைப் பேசுறாரு, நீங்க கேட்டுட்டே நிக்கிறீங்க. முதல்லயே திருப்பித் தட்டியிருந்தா வாயை மூடியிருப்பாரே அக்கா?"

அக்கா கொட்டாப்புளியை ஆணியில் மாட்டினார்.

"ரெண்டு கண்ணும் இருந்துச்சு. ரெண்டு கையும் இருந்துச்சு. வாய் அந்தப் போடு போட்டுச்சு" என்றார். "முந்தின நாள் போன்ல சத்தம் நின்னுச்சே, அப்பவே இதெல்லாம் போயிருச்சுன்னு நினைச்சிட்டேன் தம்பி. அவரு இன்னும் கொஞ்சம் திட்டியிருந்தாலும் நான் நின்னு கேட்டிருப்பேன்."